அப்பா சொல்லச் சொன்னது

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்தில் தங்கையின் குரல் வந்தபோது, பெரியவள் மேசைக்கடியில் உருண்டுபோன பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம். தயாரிப்புப் பிரிவிலேர்ந்து பேசறேன்" என்றது கணினி. ஆறு வருஷமாகக் காதில் விழாத குரல். குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன தொலைந்தது என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று கையை மட்டும் ஆட்டினாள்.

அது ஐந்து நாடுகள் சேர்ந்து தொடங்கியிருந்த திட்டம். புதுக் காய்ச்சல் ஒன்று, எந்த எல்லைச் சாவடியிலும் நின்று முத்திரை குத்திக்கொள்ளாமல் பரவிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக் கருவிகளை வெளியிலிருந்து வாங்கலாம் என்றால், வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும். அதனால் அக்கம்பக்கத்து அரசாங்கங்கள் ஐந்தும் ஒருவழியாக உட்கார்ந்து பேசி, வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாடு, மூக்கு நீரில் ஒரு சொட்டு விட்டால் கோடு காட்டும் காகிதப் பட்டையைச் செய்யும். மூன்றாவது நாடு அதற்கான கவரை அச்சடித்து ஒட்டித் தரும். நான்காவதும் ஐந்தாவதும் கணக்கெடுத்துச் சரிபார்க்கும். இந்தப் பக்கம், பாலத்தை ஒட்டிய ஊரிலிருந்த அரசு மருத்துவமனை, பட்டையை வார்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கும். அந்த மருத்துவமனை ஆய்வகத்தின் தலைமை டெக்னீஷியன் பெரியவள்.

வீட்டில் இரண்டே பெண்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவர்கள் எப்போதும் பெரியவள், சின்னவள்தான். இருவரும் ஒரே படிப்பைப் படித்தார்கள். சின்னவள் மேலே படிக்கப் பாலத்தைத் தாண்டிப் போனாள். அங்கேயே வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. பெரியவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் நேரம் வரவில்லை என்றாள். கொஞ்ச நாளில் கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் அப்பா படுத்துவிட்டார். சிறுநீரகம். நாற்பது நாள் பெரியவளின் மருத்துவமனையிலேயே கிடந்தார். பகலில் ஆய்வகத்தில் வேலை, மாலையில் அப்பாவின் கட்டில் என்று பெரியவள் மாடிப்படி ஏறி இறங்கினாள். துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், வாளியைத் தூக்கினாள். அதே சமயத்தில் அக்கரையில் வேறொரு காய்ச்சல் தலைகாட்டியிருந்தது. சின்னவள் வேலை பார்த்த ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, உள்ளே இருந்தவர்களை இருபத்தொரு நாள் வெளியே விடவில்லை, போன் பேசவும் விடவில்லை.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அப்பா பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவ வரலையேன்னு நீ அவளைக் கோவிச்சுக்காதே. அவ செய்யிற வேலையில எனக்குப் பெருமைதான். நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடு" என்றார்.

பெரியவள் சரிப்பா என்றாள். அப்போது அவள் மறுகையில் அவர் துணிகள் நனைந்த வாளி இருந்தது. பெருமை என்ற வார்த்தையை அவர் அவளைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை. வாளியைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு, அது நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எல்லாம் முடிந்து ஒன்பதாம் நாள் சின்னவள் வந்தாள். கையில் ஒரு பை, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. வாசலில் நின்றவளிடம் பெரியவள் கேட்டாள். "இப்ப யாரைப் பார்க்க வந்தே?"

சின்னவள் பையைக் கீழே வைக்கவே இல்லை. அம்மாவை மட்டும் கட்டிப்பிடித்துவிட்டு அன்று மாலைப் பேருந்திலேயே திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா தங்கைக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா சொல்லச் சொன்னதைப் பெரியவள் சொல்லவில்லை. முதலில் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் வடிந்த பிறகு வெட்கத்தில் சொல்லவில்லை. ஒரு வருஷம் தாண்டியதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் சொல்லவில்லை.

ஆனால் தங்கைக்காக ஏங்காத நாள் கிடையாது. கடைத்தெருவில் யாராவது அவள் மாதிரி கழுத்தைச் சாய்த்துச் சிரித்தால் கால் தானாக நிற்கும். இரண்டு மூன்று தடவை போனில் எண்ணைப் போட்டுவிட்டு, மணி அடிக்கும் முன் அணைத்திருக்கிறாள்.

அம்மா மட்டும் சின்னவளோடு பேசிக்கொண்டிருந்தாள். பெரியவள் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் பேச்சு. பெரியவளுக்கு இது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

கூட்டம் தொடங்கி மூன்று வாரம் ஆனபோது, ஒருநாள் அம்மா துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "யாரோ சொன்னாங்க. எந்த லேப்புலயோ ஒரு மேடம் இருக்காளாம். எதைக் கேட்டாலும் எழுத்துல கொடுங்க, எழுத்துல கொடுங்கன்னு உயிரை வாங்கறாளாம்."

"யாரு சொன்னாங்க?"

"யாரோ."

"அந்த யாரோகிட்ட சொல்லு. எழுத்துல கொடுத்தா ஒரு தடவையோட வேலை முடிஞ்சிடும்."

அம்மா தலையணை உறைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கூட்டத்தில் யாருக்கும் யார் முகமும் தெரியாது. இணைப்பு விட்டுவிட்டு வந்ததால், படத்தை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் என்று முதல் வாரமே முடிவு செய்திருந்தார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தந்த ஆய்வகத்தின் பெயர் நின்றது. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் மேடம் என்று அழைத்துக்கொண்டார்கள். கூட்டத்தை நடத்திய ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்பார். அதனால் ஐந்து நாட்டிலும் அவருக்குச் சரி-சரி என்றே பெயர் வந்துவிட்டது.

இரண்டாம் மாதம் சிக்கல் வந்தது. பெரிய இயந்திரத்தில் காய்ச்சல் என்று உறுதியான நூறு பேரிடம் பட்டையை வைத்துப் பார்த்ததில், அக்கரை ஆய்வகத்தில் தொண்ணூற்றிரண்டு பேருக்குக் கோடு விழுந்திருந்தது. இக்கரை வார்டில் எழுபத்தொன்றுதான். மீதிப் பேரைப் பட்டையின் பேச்சைக் கேட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால், ஊர் முழுக்கப் பரவியிருக்கும்.

"சரி, சரி" என்றார் சரி-சரி. "ஒருவேளை உங்க ஆஸ்பத்திரியில ஸ்ட்ரிப்பை வெயில்ல வச்சிருப்பாங்களோ?"

"அலமாரியில வெப்பமானி இருக்கு சார். மூணு வேளையும் பார்த்து எழுதியிருக்கோம். தாள் அனுப்பியிருக்கேன்" என்றாள் பெரியவள்.

தயாரிப்புப் பிரிவின் மேலாளர் குறுக்கிட்டார். "எங்க ஸ்ட்ரிப்புல எந்தக் குறையும் இல்ல. அளக்கிற எடத்துல தப்பு நடந்திருக்கலாம். அதைத்தான் முதல்ல பார்க்கணும்."

பெரியவளுக்குக் காது சூடாகிவிட்டது. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தங்கையின் குரல் வந்தது.

"இல்ல சார். அவங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்."

"நீங்க நம்ம பிரிவும்மா" என்றார் மேலாளர்.

"அதனாலதான் சொல்றேன். அவங்க அனுப்புற தாளை நான்தான் வாரா வாரம் பார்க்கறேன். எங்கயாவது தப்பா எழுதியிருந்தா அடிச்சிட்டுப் பக்கத்துலயே திருத்தி, கையெழுத்தும் போட்டிருக்காங்க. எதையும் மறைக்கத் தெரியாதவங்க சார் அவங்க. நாமதான் வேற எங்கயோ கோட்டை விட்டிருக்கோம்."

சரி-சரி கூடச் சரி என்று சொல்லவில்லை. பெரியவள் பேச்சுப் பொத்தானை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். எதையும் மறைக்கத் தெரியாதவங்க. யாராவது அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு ஆய்வகங்களும் நேரடியாகப் பேசிக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்றைய கூட்டத்தில் முடிவானது. மறுநாள் காலை பெரியவளின் மேசைத் தொலைபேசி அடித்தது.

"வணக்கம் மேடம்."

"சொல்லுங்க மேடம்."

"உங்க வார்டுல கவரைப் பிரிச்ச பிறகு எவ்வளவு நேரத்துல ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்தறாங்க?"

"உடனேதான். பிரித்த உடன் பயன்படுத்தவும்னு கவர் மேலயே போட்டிருக்கே."

"போட்டிருக்கு. படிக்கிறாங்களான்னுதான் கேக்கறேன். நீங்க நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பெரியவள் அதை ஒப்புக்கொண்டாள். மறுநாள் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். சின்ன வயதிலிருந்தே இவள் கேள்வி இப்படித்தான் சரியாக விலா எலும்பில் வந்து இடிக்கும் என்று நினைத்தபோது, அவளையறியாமல் சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் காய்ச்சல் வார்டுக்குப் போனாள். கவச உடை மாட்டிக்கொண்டு மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வார்டு சிஸ்டர் பெரிய உடம்புக்காரி, வேலையில் புயல். வந்ததும் முதல் வேலையாக முப்பது கவர்களை அடுக்கி, கத்தரிக்கோலால் வரிசையாகத் தலையை வெட்டித் தட்டில் நிறுத்தினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நோயாளியாகப் போக ஆரம்பித்தாள். கடைசி நோயாளியிடம் போகும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. சன்னல்கள் திறந்திருந்தன. தரை அப்போதுதான் கழுவியது. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போலிருந்தது.

"சிஸ்டர், எல்லாத்தையும் ஏன் மொதல்லயே வெட்டி வச்சிடறீங்க?"

சிஸ்டர் இடுப்பில் கை வைத்தாள். "மேடம், இந்தாங்க. ரெண்டு கையுறை போட்டிருக்கீங்கல்ல, இந்தக் கவரைக் கிழிங்க பார்ப்போம்."

பெரியவள் முயன்றாள். வழுக்கியது. இன்னும் அழுத்திப் பிடித்தாள். கையுறைதான் கிழிந்தது.

"பல்லால கடிச்சுக் கிழிக்கலாம்னா வாயில மாஸ்க்கு. ஒவ்வொரு ஆளுகிட்டயும் கத்தரிக்கோலைத் தூக்கிட்டுப் போனா, ஒவ்வொரு தடவையும் அதைக் கழுவணும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

சிஸ்டர் மேல் தப்பே இல்லை. பெரியவள் கவச உடையைக் கழற்றிக் குளித்துவிட்டு, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, ஈரத் தலையோடு தொலைபேசியை எடுத்தாள்.

"கவரைக் கிழிக்க முடியல. அதான் விஷயம். முன்கூட்டியே வெட்டி வச்சிடறாங்க. முக்கால் மணி நேரம் ஈரக்காத்துல நிக்குது."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "முக்கால் மணி நேரமா. பத்து நிமிஷம் தாண்டினாலே காகிதம் ஈரத்தைக் குடிச்சிடும். கோடு வெளுத்துடும். நாங்க இங்க குளிர்சாதன அறையில, கையுறையே இல்லாம ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பார்த்திருக்கோம்." மறுபடி காகிதம் புரண்டது. "ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு போட்டுக் கொடுத்தா?"

"அதையேதான் நான் சொல்ல வந்தேன்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் தினமும் பேசினார்கள். மூன்றாவது நாட்டு அச்சகத்துக்காரர் ஐந்து விதமான வெட்டுகள் போட்டு, விதத்துக்குப் பத்துக் கவர் அனுப்பினார். வெட்டு ஆழம் குறைந்தால் கிழியவில்லை, கூடினால் ஓரத்தில் ஒட்டு விட்டுப்போய் ஈரம் உள்ளே போனது. வார்டு சிஸ்டர் இரண்டு கையுறையோடு ஒவ்வொன்றாகக் கிழித்துப் பார்த்து, இது தேவலை, இது உதவாது என்று தீர்ப்புச் சொன்னாள். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தின் அளவையும் கூட்டிப் பார்த்தார்கள். நான்காவது நாட்டிலிருந்து ஒரு பெண், தங்கள் ஊரில் இன்னும் புழுக்கம் அதிகம், அங்கேயும் சோதியுங்கள் என்று கேட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டாள்.

ஒருநாள் இப்படித்தான் வேலை மும்முரத்தில், பெரியவள், "ஐயோ, அவ்வளவு ஆழம் வேண்டாம்டி, ஒட்டு விட்டுடும்" என்று சொல்லிவிட்டாள்.

பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரிங்க மேடம்" என்றாள் சின்னவள். ஆனால் அந்த மேடம் கொஞ்சம் நடுங்கியது.

கடைசியில் மூன்று மில்லிமீட்டர் முக்கோண வெட்டு என்று முடிவானது. புதுக் கவர் போட்ட பட்டைகள் தயாரானபோது எல்லையை மூடிவிட்டார்கள். ஆள் போக முடியாது, வண்டி போக முடியாது. ஐந்து நாட்டு ஒப்பந்தத்தின் பேரில் பெட்டி மட்டும் போகலாம். பாலத்தின் நடுவில் மஞ்சள் கோட்டின் மேல் ஒரு மேசை போடுவார்கள். ஒரு பக்கத்து ஆள் பெட்டியை வைத்துவிட்டு ஆறடி பின்னால் போக வேண்டும். பிறகு மற்றவர் வந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் பத்து நிமிஷம்.

வழக்கமாக இதற்கெல்லாம் கடைநிலை ஊழியர் போவார். பெரியவள் தானே போகிறேன் என்றாள். தலைமை டெக்னீஷியன் எதற்கு என்று இயக்குநர் கேட்டார். பெட்டிகளை நேரில் சரிபார்த்து எழுத்தில் வாங்க வேண்டும் என்றாள். அவள் அப்படித்தான் என்று அவருக்குத் தெரியுமாதலால், போய்விட்டு வாருங்கள் என்றார். அக்கரையிலிருந்து யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வருவாள் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

காலை ஒன்பது மணிக்கு வேன் பாலத்தில் ஏறியது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வண்டி நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கியவள் தலையிலிருந்து கால்வரை மூடியிருந்தாள். முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு. ஆனால் வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நடந்தாள். அப்பாவின் நடை.

சின்னவள் பதினான்கு பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள். பெரியவள் எண்ணினாள், பேனாவை ஒரு உதறு உதறிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தன் பக்கத்திலிருந்து, நோயாளிகளின் மூக்கு நீர் மாதிரிகள் அடங்கிய எட்டுப் பெட்டிகளை வைத்துவிட்டு ஆறடி பின்வாங்கினாள். சின்னவள் மேசைக்கு வந்து எண்ண ஆரம்பித்தாள். இரண்டு பக்கத்துக் காவலர்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் பெரியவள்.

சின்னவள் நிமிரவில்லை. விரல் மட்டும் ஒரு பெட்டியின் மேல் நின்றது.

"நீ என்னை மறைக்கத் தெரியாதவன்னு சொன்னே. அப்படி இல்ல. அப்பா போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உனக்கு ஒண்ணு சொல்லச் சொன்னார். நீ வராததுக்கு அவருக்குக் கோவம் இல்ல. நீ செய்யிற வேலையில பெருமைதான்னார். உன்கிட்ட சொல்லிடுன்னார். நான் சொல்லல."

ஆற்றின் மேல் காற்று பலமாக இருந்தது. கேட்டிருக்காதோ என்று பெரியவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் கேட்டுவிட்டது. கண்ணாடித் தடுப்பின் உட்பக்கம் மூச்சு படர்ந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

"எட்டுப் பெட்டி. சரியா இருக்கு" என்றாள் சின்னவள். பேனாவை எடுத்தாள். அது எழுதவில்லை, உதறினாள், மறுபடி எழுதினாள். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஆறு வருஷம் அதை நீ வச்சிருந்தே. நான் தினமும் அவர் என்னை மன்னிக்காமலே போயிட்டார்னு நெனச்சிட்டு எழுந்திருச்சேன்."

பெரியவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். காவலர் கையை உயர்த்தினார். அவள் மறுபடி பின்னால் போனாள். சின்னவள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வேன் ஓட்டுநர் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு, "உங்களுக்குச் சொந்தமா மேடம்?" என்றார்.

"தங்கச்சி."

"நெனச்சேன். பேனாவை ரெண்டு பேரும் ஒரே மாதிரி உதறுறீங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். "பார்த்தியா? எளைச்சிருக்காளா?"

"இல்ல. கொஞ்சம் சதை போட்டிருக்கா."

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். பெரியவள் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சொன்னது, தான் மறைத்தது, பாலத்தில் நடந்தது. அம்மா கோபப்படுவாள் என்று காத்திருந்தாள். அம்மா கையிலிருந்த துண்டை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று மடித்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? கட்டிலுக்குக் கீழதானே படுத்திருந்தேன்."

"அப்ப நீயே அவகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"அவர் உன்கிட்டதான் சொன்னார். நீ சொல்லுவே, இன்னிக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நான் சொல்லியிருந்தா அவளுக்கு அப்பா கிடைச்சிருப்பார். நீ கிடைச்சிருக்க மாட்டே." துண்டை வைத்தாள். "ஆனா இவ்வளவு நாள் ஆகும்னு நானும் நெனைக்கல. அது என் தப்புதான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை தயாரிப்புப் பிரிவிலிருந்து வேறொருவர் பேசினார். அதற்கடுத்த செவ்வாயும் அவரே. அம்மாவுக்கும் சின்னவளிடமிருந்து போன் வரவில்லை. மூன்றாவது செவ்வாய் வார்டுக் கணக்கு வந்தது. வெட்டுப் போட்ட கவரில் வந்த பட்டை, நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேரைப் பிடித்திருந்தது. புழுக்கம் அதிகமுள்ள நான்காவது நாட்டிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. சரி-சரி அன்று பதினைந்து தடவையாவது சரி சொல்லியிருப்பார். ஐந்து நாடுகளும் இதையே பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. யாரோ கை தட்டினார்கள். பெரியவள் மெதுவாகக் கேட்டாள். "உங்க பக்கம் வழக்கமாப் பேசற மேடம் இல்லையா?"

"அவங்க மருந்துச் சோதனைக்காகத் தனிமை வார்டுக்குள்ள போயிருக்காங்க. தானாக் கேட்டுப் போனாங்க. உள்ளே போன் கிடையாது. இன்னும் ஒரு வாரம் ஆகும்."

அந்த ஒரு வாரம் பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வகத்தில் மேசைத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தாள். எடுத்தால் மருந்தகம், இல்லாவிட்டால் சலவைப் பிரிவு. மாலையில் நடந்தே பாலம் வரைக்கும் போய், தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டு வந்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்துத் தெருவிளக்குகள் எரிய ஆரம்பிப்பது மட்டும் தெரியும். அந்த விளக்குகளிலிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில் அவள் இருக்கிறாள் என்று கணக்குப் போட்டுக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"அக்கா."

பெரியவள் ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிய வந்துட்டேன். ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன். உன்மேல கோவம் போகலை. அதைச் சொல்லிடறேன்."

"போக வேண்டாம்."

"அப்பா அதை எப்படிச் சொன்னார்? முழுசாச் சொல்லு. எந்த நேரம், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், எல்லாம்."

பெரியவள் சொன்னாள். மாலை ஐந்தரை மணி இருக்கும். சன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஃபேன் சத்தம் தொந்தரவாக இருக்கிறது, அணை என்றார். அணைத்ததும் வேர்க்கிறது, போடு என்றார். வலது கையில் ஊசிக் குழாய் இருந்ததால் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். குரல் சன்னமாக இருந்தது, ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது. பெருமைதான் என்று சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்தது.

"சிரிச்சாரா?"

"சிரிப்புன்னு சொல்ல முடியாது. பல்லு கட்டாத வாய் இல்லையா. அப்படி ஒரு மாதிரி."

சின்னவள் அழுவது கேட்டது. துணிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ ஏன் சொல்லலைன்னு எனக்குப் புரியுது" என்றாள் சின்னவள் வெகு நேரம் கழித்து. "உள்ளே படுத்து யோசிச்சேன். நாப்பது நாள் தூக்கிச் சுமந்தவ நீ. பெருமை மட்டும் எனக்கான்னு இருந்திருக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "அவர் என்கிட்ட போன்ல உன்னைப் பத்திச் சொல்லியிருக்கார். பெரியவ இல்லன்னா நான் இல்லன்னார்."

"பொய் சொல்லாதே."

"ஆமா, பொய்தான்" என்றாள் சின்னவள். "எப்பப் போன் பண்ணாலும் நீ வேளைக்கு மாத்திரை கொடுக்கறேன்னு உயிரை வாங்கறேன்னுதான் சொல்லுவார்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அது நிற்காமல் அழுகையாக மாறியது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சிரித்து, ஒரே சமயத்தில் மூக்கைத் துடைத்தார்கள். பிறகு சின்னவள், "இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்லு" என்றாள். பெரியவள் சொன்னாள்.

எல்லை திறக்க ஐந்து மாதம் ஆயிற்று. சின்னவள் வருவதாகச் சொன்ன தேதி இரண்டு தடவை தள்ளிப்போனது. மூன்றாவது தடவை வந்தாள், மூன்று நாள் விடுப்பில். அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெரியவள் அவள் பையைக் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கட்டிப்பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். கை வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கொஞ்சம் கண்ணை மூடறேன் என்று படுத்த சின்னவள், அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். மாலை ஆயிற்று, விளக்கு வைத்தாயிற்று, எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கும் தூக்கம்தான். ஒரு வருஷத்துத் தூக்கம் பாக்கி இருந்திருக்கும்.

"எழுப்பட்டுமாம்மா? மூணு நாள்ல ஒரு நாள் போயிடுச்சே" என்றாள் பெரியவள்.

"எழுப்பாதே" என்றாள் அம்மா. ஆனால் அவளே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசற்படியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பெரியவள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தங்கையின் காதோரம் இரண்டு மூன்று முடி நரைத்திருந்தது. முகக்கவசப் பட்டி அழுத்தி அழுத்தி மூக்கின் மேல் ஒரு தழும்பு விழுந்திருந்தது. கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும் ஆறு வருஷத்துக்கு இருந்தது. நாளை மறுநாள் காலை எட்டு மணிக்குப் பேருந்து. ஆய்வகத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் விழிப்பதற்காகக் காத்திருந்தாள்.